பழைய கத்தியைப் படிப்பது எப்படி? கைவேலைக் கத்திகளை ரசிக்க, வாங்க, பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்குக் கிடைத்த முதல் பழைய கத்தியை நானே கெடுத்தேன். பழைய இரும்புக் கடையில், அறுந்த சைக்கிள் செயினுக்கும் கம்பிச் சுருளுக்கும் நடுவே அது கிடந்தது. எடை போட்டுத்தான் விலை சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் கிரைண்டிங் மெஷினில் கம்பி பிரஷ்ஷை மாட்டி அரைமணி நேரம் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தெருவுக்கு வரும் சாணைக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க எழுத்து இருந்திருக்குமே தம்பி, எங்க?" என்றார். வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது ‘ஷெஃபீல்டு’ என்ற இங்கிலாந்து ஊர்ப்பெயரின் கடைசி மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் நிழல் போலத் தெரிந்தன. செய்தவர் பெயரும் காலமும் தூளாகப் பறந்து போயிருந்தன.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: முதலில் படி, அப்புறம் தேய். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும்.

வாள், கட்டாரி, அரண்மனை ஆயுதம் எதுவும் இதில் வராது. அவற்றைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. காய் நறுக்கிய, தேங்காய் உடைத்த, பாளை சீவிய, முகம் மழித்த கத்திகள்தான் நம் விஷயம்.

1. எங்கே தேடுவது, எதைத் தேடுவது

உங்கள் வீட்டுப் பரணிலிருந்து தொடங்குங்கள். நின்றுகொண்டு சமைக்கும் மேடை வந்த பிறகு பரண் ஏறிய அரிவாள்மனை அங்கே இருக்கலாம். கூடவே பாக்குவெட்டி, தாத்தாவின் சவரக்கத்தி, பேனாக்கத்தி. அடுத்தது பழைய இரும்புக் கடை, வாரச் சந்தை, பழைய வீடு இடிக்கும் இடம். மூடப்போகும் பழைய சலூனிலும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பிளேடு மாற்றும் கத்தி வந்ததும் ஓரம் கட்டப்பட்ட ஜெர்மன் சவரக்கத்தி ஒன்று டிராயரின் அடியில் கிடக்கக்கூடும்.

கிராமத்துப் பக்கம் போனால் வகைகள் பெருகும். வெட்டரிவாள், கதிர் அறுக்கும் பல் வைத்த கருக்கரிவாள், கொங்கு நாட்டுக் கொடுவாள். இவற்றில் என்னை அதிகம் கவர்ந்தது பனையேறிகளின் பாளை அரிவாள். ஆளை வெட்டும் அரிவாளைச் சினிமா பிரபலமாக்கிவிட்டது. பதநீர் தரும் அரிவாளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பனம்பாளையின் நுனியைத் தினமும் மெல்லிய வில்லையாகச் சீவி எடுக்க வேண்டும். கூர் கொஞ்சம் குறைந்தாலும் பாளை வெட்டுப்படாமல் நசுங்கும். நசுங்கினால் பதநீர் சரியாகச் சுரக்காது. அதனால் பாளை அரிவாளின் கூர், சவரக்கத்திக்குப் பக்கத்தில் வைக்கும்படி இருக்கும். தீட்டுவதும் கல்லில் இல்லை. ஒரு மரக்கட்டையில் வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைப் படிகக்கல்லைப் பொடித்துத் தூவி, அதன்மேல் இழுத்து இழுத்துத் தீட்டுவார்கள். கட்டை லேசாகக் குழிந்து அரிவாளின் வளைவுக்கே பொருந்திப் போயிருக்கும். அரிவாள் கிடைத்தால் கட்டையையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டை இல்லாத பாளை அரிவாள் பாதிச் சரக்குதான்.

வெளிநாட்டுச் சரக்கில் நம் ஊரில் கண்ணில் படக்கூடியவை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன். பிரான்சின் ஓப்பினெல் மடக்குக்கத்தியும் ஜப்பானின் சாகாய் ஊர்ச் சமையல் கத்தியும் பெரும்பாலும் யாராவது ஊர் திரும்பும்போது கொண்டுவந்தவை.

வாங்கும் முன் சட்டம் பற்றி இரண்டு வரி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத் தனி வகையில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் நீங்கள் வாங்கிய வெட்டரிவாளை அட்டையில் சுற்றி, கட்டி, ரசீதோடு கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் நிம்மதிக்காகவாவது.

2. தேய்க்காமல் பார்ப்பது

ஜன்னலோரம் உட்காருங்கள். ட்யூப் லைட் வேண்டாம். பக்கவாட்டில் விழும் வெளிச்சம்தான் மேடு பள்ளத்தைக் காட்டும். ஈரமில்லாத துணியால் தூசியை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முதுகைப் பாருங்கள். கத்தியின் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, கீழே பிடித்து, மேலிருந்து முதுகு வழியே ஒரு கண்ணால் நோக்க வேண்டும். அடித்துச் செய்த கத்தியானால் பிடிப் பக்கம் தடிப்பாகத் தொடங்கி, நுனிக்குப் போகப் போக மெலிந்துகொண்டே போகும். தகட்டிலிருந்து அச்சில் வெட்டி எடுத்ததானால் பெரும்பாலும் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே தடிப்பு. இந்த மெலிவு அழகுக்காக வந்தது இல்லை. நுனியின் எடையைக் குறைத்துக் கையில் பாரம் தெரியாமல் செய்வது அதுதான்.

சுத்தியல் தழும்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். கத்தியின் கன்னத்தில், அதாவது அலகின் பக்கவாட்டில், குழி குழியாக இருந்தால் கைவேலை என்று சொல்லி விற்கிறார்கள். அந்தக் குழியை மெஷினில் அச்சாகவே அழுத்திவிடலாம். உண்மையான சுத்தியல் தடம் ஒழுங்கற்றது. ஒன்று ஆழம், அடுத்தது மேலோட்டம், சில இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று. நல்ல கொல்லர் கடைசியில் அதை அரத்தால் ராவி எடுத்துவிடுவார். பிடிக்குப் பக்கத்தில், அரம் எட்டாத மூலையில்தான் மிச்சம் இருக்கும். அந்த மூலையைப் பாருங்கள்.

அடுத்து வாய்க்கோடு. எனக்கு இதுதான் உயிரான பகுதி. ஒரு கத்தி எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதிலிருந்து, யார் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். என்னிடம் உள்ள ஒரு அரிவாள்மனையின் வாயில், அடியிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் ஒரு பள்ளம். காயைத் தள்ளும் கை எப்போதும் அந்த உயரத்திலேயே வந்து நின்றிருக்கிறது. மனைப்பலகையின் வலது முன்மூலையும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. அங்கேதான் முழங்காலை மடித்து அழுத்தியிருப்பார்கள். என் உயரத்துக்கு நான் உட்கார்ந்தால் என் கை அந்தப் பள்ளத்துக்கு இரண்டு விரற்கடை மேலேதான் போகிறது. என்னைவிடக் குள்ளமான ஒருவர் பல வருடம் உட்கார்ந்த இடம் அது.

சமையல் கத்தியில் நடுப்பகுதி மட்டும் உள்ளே வாங்கியிருந்தால், வீட்டுக்காரர் சாணைக்கல்லில் நடுவை மட்டுமே தேய்த்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். அடிப்பக்கம் மட்டும் பிறை போலக் குழிந்திருந்தால், தடித்த கழுத்துள்ள ஐரோப்பியக் கத்தியைக் கழுத்து தடுக்காத இடத்திலிருந்து மட்டுமே தீட்டியிருக்கிறார்கள். இரண்டையும் சரிசெய்யலாம். ஆனால் அகலத்தில் பாதிக்கு மேல் தேய்ந்துபோன கத்தியைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த முதுகுப் பகுதிக்கு வாய் வந்துவிட்டதால் அது இனி நன்றாக வெட்டாது.

விரிசல் பார்க்க, பிடியைத் தளர்வாகப் பிடித்து அலகை நகத்தால் சுண்டுங்கள். ‘ணங்’ என்று வந்தால் நல்லது. ‘தட்’ என்று செத்த சத்தம் வந்தால் ஒன்று பிடி ஆடுகிறது, இல்லையென்றால் எங்கோ விரிசல். வாயில் பல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். கொஞ்சம் பஞ்சை வாய் வழியே இழுங்கள். பல் விழுந்த இடத்தில் நூல் மாட்டும்.

கடைசியாகப் பிடி. நம் அரிவாளில் வால் போன்ற முனையைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கி, மரம் பிளக்காமல் இருக்கப் பூண் போட்டிருப்பார்கள். பூண் ஆடினால் பெரிய குறை இல்லை. ஐரோப்பியக் கத்தியில் எலும்பு, கொம்பு, தந்தம், செல்லுலாய்டு என்ற பழைய காலப் பிளாஸ்டிக் என்று பல வரும். எலும்பில் ஊசி குத்தியதுபோலச் சிறு கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் இருக்கும். தந்தத்தில் அவை இருக்காது; வெட்டு முகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். தந்தம் என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன் வியாபாரத்தை அனுமதிப்பதில்லை. நம் காட்டு மானின் கொம்புக்கும் அதே கதிதான்.

செல்லுலாய்டைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். கட்டைவிரலால் பிடியைச் சூடேறும்வரை தேய்த்து முகருங்கள். கற்பூர வாசனை வரும், ஏனென்றால் அதைச் செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். பழைய செல்லுலாய்டு அழுகத் தொடங்கினால் அமில ஆவி விடும்; அதே பெட்டியில் உள்ள மற்றக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். சீக்கிரம் தீப்பற்றவும் செய்யும். அதைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள்.

3. முத்திரையைப் படிப்பது

நான் தேய்த்து அழித்தது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துருவுக்கு அடியில் எழுத்து இருக்கிறதா என்று தெரியாதபோது, அந்த இடத்தில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, டார்ச்சைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பாருங்கள். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் இன்னும் நன்றாகத் தெரியும். எழுத்து தெரிந்துவிட்டால் அதைச் சுற்றி இனிமேல் உப்புத்தாள் படக்கூடாது.

ஷெஃபீல்டில் கத்தி செய்பவர்களுக்கென்று 1624இல் ஒரு சங்கம் ஏற்பட்டது. யாருக்கு எந்த முத்திரை என்று பதிவு செய்ததும் அதுதான். ஜோசஃப் ராட்ஜர்ஸ் கத்திகளில் வரும் நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் 1682இல் கொடுக்கப்பட்ட குறி. சோலிங்கனின் ஹென்கல்ஸ் கத்திகளில் வரும் இரட்டை மனிதர் குறி 1731இல் பதிவானது. ஆனால் குறியின் வயதைக் கத்தியின் வயதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த இரட்டையர் இன்றைய கத்தியிலும் இருக்கிறார்கள்.

வயதைக் கணிக்கச் சுற்றியுள்ள சின்ன எழுத்துகள்தான் உதவும். கிரீடமும் ‘வி.ஆர்.’ என்ற எழுத்தும் இருந்தால் விக்டோரியா மகாராணி காலம், அதாவது 1837க்கும் 1901க்கும் இடையில். நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தியது. அந்த ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம்தான் இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதச் சொன்னது. ஜெர்மன் சரக்கில் கொஞ்சம் முன்பே வரலாம், ஏனென்றால் பிரிட்டனின் 1887ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டமும் அதையே கேட்டது. உள்ளூர்ச் சரக்கோடு போட்டி போட்ட ஜெர்மன் கத்தியை மட்டமாகக் காட்டத்தான் அந்தச் சட்டம். கடைசியில் ‘ஜெர்மனியில் செய்தது’ என்பதே பெருமையாகிவிட்டது! மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவே. ‘சோலிங்கன்’ என்ற ஊர்ப்பெயருக்கே 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு.

‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருந்தால் இன்னும் சுலபம். ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அந்த எஃகை உருக்கியது 1913இல். அதற்கு முந்தியது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஓப்பினெல்லில் எழுத்தே வேண்டாம். 1890இல் ஜோசஃப் ஓப்பினெல் தொடங்கியது. கிரீடம் வைத்த கை 1909இல் வந்தது. அலகை மடங்காமல் பூட்டும் சுழல் வளையம் 1955இல். வளையமே இல்லாத பெரிய அளவு ஓப்பினெல் கையில் கிடைத்தால், வளையம் உடைந்த தடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அது 1955க்கு முந்தியதாக இருக்கலாம்.

நம் ஊர் அரிவாள்களில் பெரும்பாலும் எழுத்து இருக்காது. சில சமயம் ஒரு புள்ளி வரிசை, ஒரு சின்னப் பிறை, ஒரு எழுத்து. அந்தந்தப் பட்டறைக்காரருக்கு அது கையெழுத்து. அந்த ஊரில் வயதான கொல்லர் ஒருவரிடம் காட்டினால், "இது எங்க சித்தப்பா வச்ச வெட்டு" என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

4. என்ன உலோகம்?

கறுத்திருந்தால் கார்பன் எஃகு. எத்தனை வருடமானாலும் வெள்ளையாகவே இருந்தால் ஸ்டெயின்லெஸ். வாழைப்பூ நறுக்கினால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். வாழைப்பூவின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து நீலங்கலந்த கறுப்பாகப் படியும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. சிவப்புத் துருவை ஓரளவுக்குத் தடுக்கும் தோல். எங்கள் வீட்டில் அதைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் தடுப்பதற்கே எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

நல்ல எஃகு எப்போதும் விலை அதிகம். அதனால் பழைய கொல்லர்கள் முழுக் கத்தியையும் எஃகில் செய்யவில்லை. மெத்தென்ற இரும்பில் உடல். வாய்க்கு மட்டும் எஃகு வைத்து, உலையில் ஒட்டி அடிப்பார்கள். ஜப்பானியக் கத்தியில் வாய்க்குச் சற்று மேலே மேகம்போல ஒரு எல்லைக் கோடு ஓடுவது இதனால்தான். பழைய விவசாயக் கருவிகளிலும் இதைப் பார்க்கலாம். இரும்பு உடல் மங்கலாகவும் எஃகு வாய் கொஞ்சம் பளிச்சென்றும் இருக்கும். சாகாயில் அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர். மூன்றும் தனித்தனித் தொழில். நம் பட்டறையில் மூன்றையும் ஒரே குடும்பம் செய்கிறது.

உருக்கு பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனம் வராது. ஐரோப்பியர்கள் ‘வூட்ஸ்’ என்று எழுதியது நம் உருக்கும் கன்னடத்து உக்கும்தான். சேலம் பக்கத்து முறையை, பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் எழுதி வைத்திருக்கிறார்: இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியைப் போட்டு, எருக்கிலை மூடி, மூசை என்னும் களிமண் உருக்குக் கலத்தை அடைத்து, துருத்தி ஊதி உருக்குவார்கள். குச்சியிலும் இலையிலும் உள்ள கரி (கார்பன்) இரும்புக்குள் போய்விடும். சுமார் 1.5 சதவீதம் கரியுள்ள அந்தக் கட்டி, இன்றைய சாதாரண அரிவாள் எஃகைப் போல இரண்டரை மடங்கு கரி கொண்டது. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் அதை ஆராய்ந்தார். அவருடன் வேலை செய்த ஸ்டோடார்ட் கத்தி செய்பவர். அந்த எஃகின் மேல் தெரியும் நீரலைக் கோலத்துக்கு, தாதுவில் இருந்த துளியளவு வனேடியம் போன்ற தனிமங்கள் காரணம் என்று 1990களில் அமெரிக்க உலோகவியலாளர் வெர்ஹோவனும் லாடம் அடிக்கும் பெண்ட்ரேயும் சேர்ந்து காட்டினார்கள்.

அந்த நீரலைக் கோலம் கொண்ட எஃகைத்தான் முன்பு ‘டமாஸ்கஸ்’ என்றார்கள். இப்போது கடைகளில் அந்தப் பெயரில் விற்பது அது இல்லை. இரண்டு வகை எஃகை அடுக்கி, ஒட்டி, மடித்து அடித்தது. அதுவும் உண்மையான கைவேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிலவற்றில் கோலம் மேலே லேசரால் வரைந்தது மட்டுமே. முதுகைப் பாருங்கள். அடுக்கியதானால் கோடுகள் முதுகிலும் தொடரும். வரைந்ததானால் கன்னத்தோடு நின்றுவிடும்.

5. பட்டறையில் ஒரு காலை

பழைய கத்தியைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி, ஒரு புதுக் கத்தி பிறப்பதைப் பார்ப்பது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் பக்கத்துச் சந்தை ஊரிலேயே ஒரு கொல்லர் இருப்பார். அறுவடை சமயத்தில் மட்டும் போகாதீர்கள், தலை நிமிர நேரம் இருக்காது.

நான் சமையல் கத்தி ஒன்று செய்யக் கேட்டுப் போனபோது, பெரியவர் என் கையிலிருந்த படத்தைப் பார்க்கவே இல்லை. "படம் கெடக்கட்டும். என்னத்த வெட்டப் போறீங்க, அதச் சொல்லுங்க" என்றார். காய், எப்போதாவது கோழி என்றேன். "எந்தக் கை?" என்றார். அப்புறம்தான் இரும்பை எடுத்தார். நீங்களும் இந்த இரண்டு பதிலோடு போங்கள்.

இரும்பு என்பது பெரும்பாலும் லாரியின் ஸ்பிரிங் பட்டை. கரி சுமார் 0.6 சதவீதம், அடி தாங்கும், உடையாது. அதைப் பழுக்கக் காய்ச்சி அடித்து நீட்டுவதைப் பார்க்க யாருக்கும் பிடிக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது கடைசிப் பத்து நிமிடத்தை. தோய்ச்சல், அதாவது காய்ச்சிய அலகைத் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்குவது, அப்போதுதான்.

பெரியவர் உலைக்கு மேலே இருந்த தகரத்தைச் சாய்த்து இடத்தை இருட்டாக்கினார். நிறம் பார்க்க இருட்டு வேண்டுமாம். அலகு மங்கிய சிவப்பிலிருந்து பழுத்த மிளகாய் நிறத்துக்கு ஏறும்வரை துருத்தியை மெதுவாக ஊதினார். சுமார் 770 டிகிரி செல்சியஸில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குக் கொஞ்சம் மேலேதான் தோய்க்கும் சூடு. அவரிடம் காந்தம் இல்லை, கண்தான். குறட்டால் எடுத்து, வாயை மட்டும் கல்தொட்டித் தண்ணீரில் ஒரு விரற்கடை ஆழம் தோய்த்து முன்னும் பின்னும் நகர்த்தினார். முதுகு இன்னும் சிவப்பாகவே இருந்தது. உடனே வெளியே எடுத்து, செங்கல் துண்டால் வாயோரத்தைப் பரபரவென்று தேய்த்தார். வெள்ளை தெரிந்தது. முதுகில் மிச்சமிருந்த சூடு கீழே இறங்கி வர வர, அந்த வெள்ளையில் ஒரு வைக்கோல் மஞ்சள் ஓடிவந்தது. அது வாயைத் தொட்ட நொடியில் முழுவதையும் தண்ணீரில் போட்டார். ஒரு மூச்சு தாமதித்தால் மஞ்சள் பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகிவிடும். நீலமானால் மெத்தனம், கூர் நிற்காது. முன்கூட்டியே போட்டால் கண்ணாடி போல உடையும். விலை கேட்டபோது அவர் சொன்னது ஒரு பீட்சா விலைகூட இல்லை. பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பாலிஷ் போட்டுத் தாருங்கள், குரோம் பூசித் தாருங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

6. சுத்தம் செய்வது

படித்து முடித்தாயிற்று, முத்திரையைப் படம் எடுத்தாயிற்று. சரி, இப்போது தேய்க்கலாம்.

தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாகத் தடவி ஒரு இரவு ஊறவிடுங்கள். காலையில் ஒரு பழைய செப்புக் காசையோ பித்தளைத் துண்டையோ படுக்கையாகப் பிடித்துச் சுரண்டுங்கள். செம்பும் பித்தளையும் எஃகைவிட மெத்தென்றவை. சிவப்புத் துருவைப் பெயர்க்கும், அடியில் உள்ள கறுப்பையும் எழுத்தையும் விட்டுவிடும். தேவைப்பட்டால் மிக மெல்லிய இரும்பு நார், எண்ணெயோடு. சிவப்பு போய்க் கறுப்பு நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். குழி விழுந்த இடத்தைச் சமமாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்; அந்த ஆசையில்தான் பாதிக் கத்திகள் செத்தன.

புளி, எலுமிச்சை, வினிகர் துருவைக் கரைக்கும்தான், கூடவே நல்ல உலோகத்தையும் அரிக்கும். வேறு வழியே இல்லாத முரட்டுத் துருவுக்கு மட்டும் வினிகர், அதுவும் பத்துப் பத்து நிமிடமாக எடுத்துப் பார்த்து. பிறகு ஆப்பசோடாத் தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும்.

மரப்பிடியைத் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து ஒரு நாள் விடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள். சுருட்டிய ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்கும். பிடி ஆடினால் துளையைச் சுத்தம் செய்து, அரக்கை உருக்கி ஊற்றி மறுபடி சொருகலாம். எம்சீல் வைப்பவர்களும் உண்டு. எனக்கு அரக்குதான், பின்னாளில் சூடாக்கிக் கழற்றலாமே.

7. தீட்டுவது

கரகரவென்று சுற்றும் மின்சாணையில் கொடுக்காதீர்கள். தீப்பொறி பறக்கும்போது வாயோரம் நீலமானால், அந்தப் பெரியவர் பத்து நிமிடம் கண்ணால் காத்த தோய்ச்சல் ஒரே நொடியில் போய்விடும். காலால் மிதித்துச் சுற்றும் சாணைக்காரர் பரவாயில்லை, ஆனால் இடையிடையே தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய ஒரு 1000 நம்பர் கல்லும் ஒரு 3000 நம்பர் கல்லும் போதும் (நம்பர் ஏற ஏறக் கல் நைசாக இருக்கும்). கல்லுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. கோணத்துக்கு ஒரு சுலபக் கணக்கு: 4 செ.மீ. அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 1 செ.மீ. தூக்கினால் சுமார் 15 டிகிரி. காய்கறிக் கத்திக்கு அது சரி. கோழி வெட்டுவதற்கு இன்னும் நாலு மி.மீ. தூக்குங்கள். வெட்டரிவாளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். அது ஆப்பு மாதிரி வேலை செய்வது, தடிப்பாக இருக்கட்டும்.

ஒரு பக்கம் அடியிலிருந்து நுனிவரை ஒரே அழுத்தத்தில் தேய்த்துக்கொண்டே போங்கள். எத்தனை தடவை என்று எண்ண வேண்டாம். மறுபக்கத்தில் விரலை வாய்க்குக் குறுக்காக, வெளிப்பக்கமாக மெதுவாக இழுத்தால் பிசிறு தட்டுப்பட வேண்டும். பிசிறு முழு நீளத்துக்கும் வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கம். அப்புறம் 3000 கல்லில் அழுத்தம் குறைத்துக் குறைத்து, பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முதுகு முன்னே போகும்படி இருபது இழுப்பு. தக்காளியின்மேல் அழுத்தாமல் வைத்து இழுத்துப் பாருங்கள்.

ஒரே பக்கம் மட்டும் சாய்வு கொண்ட ஜப்பானியக் கத்தி கையில் வந்தால் நிறுத்துங்கள். அதன் தட்டைப் பக்கத்தைக் கல்லில் தட்டையாகவே வைத்துப் பிசிறு எடுக்க மட்டும் தொட வேண்டும். அங்கே சாய்வு போட்டால் கத்தியின் குணமே மாறிவிடும்.

8. வைத்துக்கொள்வது

கழுவியதும் துடைக்க வேண்டும். பாத்திரம் கவிழ்க்கும் கூடையில் ஈரத்தோடு கிடந்தால் காலையில் சிவப்பு நிற்கும். தினமும் புழங்கும் கத்திக்கு எண்ணெயே தேவையில்லை. மாதக்கணக்கில் உள்ளே வைப்பதற்குத் தேங்காய் எண்ணெய் ஒரு துளி, அல்லது தையல் மெஷின் எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், பிசினாகி ஒட்டும். தோல் உறைக்குள் வைத்து மூடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய பருத்தித் துணி போதும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஈரச் சந்தனம் உட்கார்ந்த இடத்தில் வட்டமாகத் துரு வரும். விஜயதசமி அன்று காலையிலேயே துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள், அல்லது பொட்டைப் பிடியில் வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது பிடியில்தான்.

கூடவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள், என்ன விலை, என்ன எழுத்து, எப்போது தீட்டியது என்று. வயது 100 ஆண்டைத் தாண்டிய பொருளானால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதை நீங்களாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும் அதில் குறித்து வையுங்கள்.

நான் கெடுத்த அந்த ஷெஃபீல்டு கத்திக்கும் என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. கண்ணாடிப் பளபளப்பு போய்விட்டது. மூன்று வருட வெங்காயமும் வாழைக்காயும் சேர்ந்து அதை மறுபடி சாம்பல் நீலமாக்கிவிட்டன. மூன்று எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று காலை அதில்தான் கொத்தவரங்காய் நறுக்கினேன்.